நான்கு மணி இருமல்

உத்திரமேரூர்
12.06.2024

அன்புள்ள ஆல்வினுக்கு,

இயேசுவின் அமைதி உன் வீட்டில் தங்கட்டும். நான் நலம். ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் பக்கத்தில் இடி விழுந்தால் மட்டும் தகவல் வருகிறது. நீயும் ஜெனிஃபரும் குழந்தையும் சுகமா?

உன் முதல் கடிதம் வந்தது. போனை விட்டுவிட்டுத் தாளும் பேனாவும் எடுத்த உன் புத்தியைப் பாராட்டுகிறேன். ஆறு வருடமாக நீ போனில் கத்தியதில் ஓசூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் நம் குடும்ப விஷயம் தெரிந்திருக்கும். எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. காது மெஷினை மாட்டச் சொல்லி எழுதியிருக்கிறாய். அதெல்லாம் கிழவிகளுக்கு.

பாலிஷ் செக்‌ஷனில் உன்னை மேஸ்திரி ஆக்கியதில் மகிழ்ச்சி. உன் அண்ணன் இருந்தால் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் சிரித்திருப்பார். அவருடைய ஸ்பிரே கன் இன்னும் உழைக்கிறதா? நாற்பதாம் நாள் பூசை முடிந்து அதை உன் கையில் கொடுத்தபோது நீ அழுதது நினைவிருக்கிறது.

இத்துடன் இரண்டு கிலோ மண்டை வெல்லம் அனுப்பியிருக்கிறேன். வேலை முடிந்ததும் ஒரு கட்டி வெல்லம், ஒரு வாழைப்பழம். நெஞ்சில் படிந்த தூசியை அது இறக்கிவிடும். தவறவிடாதே.

பிரிஸ்கில்லா


ஓசூர்
30.06.2024

அண்ணிக்கு ஆல்வின் வணக்கம் சொல்லி எழுதுவது.

நாங்க மூணு பேரும் நல்லா கீறோம். நீங்க சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவீங்கன்னு பயந்துகினே எழுதறேன். பத்திர ஆபீஸ்ல இருபத்தொன்பது வருஷம் நகல் எழுதின கை உங்களுது. என்னுது உப்புத்தாள் தேய்க்கிற கை.

வெல்லம் வந்தது. செக்‌ஷன்ல எல்லாருக்கும் குடுத்தேன். மொத்தம் ஏழு பேர். “உங்க அண்ணி வெல்லம் இல்லாங்காட்டி நம்ம நெஞ்சு இந்நேரம் பிளைவுட் ஆயிருக்கும்”னு தினேஷ்குமார் சொல்றான். இங்க வேலைக்கு வந்து எட்டு வருஷம் ஆன பையன். நல்லாப் பேசுவான்.

அண்ணன் கன் சூப்பரா ஓடுது. புது கன்னு கம்பெனி குடுத்தது, நான் தொடல. ரூம்ல ஃபேன் ஒண்ணு ரிப்பேர். தின்னர் வாசனை கொஞ்சம் தங்குது. கர்ச்சீப் கட்டிக்கிறேன். மழை ஆரம்பிச்சதால லேசா இருமல். வேற ஒண்ணும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

ஆல்வின்


உத்திரமேரூர்
09.07.2024

அன்புள்ள ஆல்வினுக்கு,

இறைவன் உன்னைக் காக்கட்டும். இங்கு சுகம். உன் இருமல் சளியோடு வருகிறதா, வறண்டு வருகிறதா? எத்தனை நாளாக? மறைக்காமல் எழுது.

ஒரு வேடிக்கை. பின்கட்டில் உன் அண்ணனின் பாலிஷ் அறை அவர் போனதிலிருந்து பூட்டியிருக்கிறது. ஒரு வாரமாக மாலை நான்கு மணிக்கு அதற்குள்ளிருந்து இருமல் கேட்கிறது. மூன்று சின்னது, பிறகு ஒரு நீண்டது. அவர் நான்கு மணிக்குக் கன்னைக் கழுவும்போது இருமுவாரே, அதே வரிசை. வீட்டு வேலைக்கு வரும் சிட்டம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எனக்குப் புரியும்படி கையை ஆட்டிக் கத்தினாள். “இன்னாம்மா நீ! எனக்கு ஒண்ணும் கேக்கலியே. உனக்குக் காதே கேக்காது, உனக்கு மட்டும் எப்டிக் கேக்குது?”

நியாயமான கேள்வி. எலியாக இருக்கும்.

வெல்லம் அனுப்பியிருக்கிறேன்.

பிரிஸ்கில்லா


(இந்தக் கடிதம் உறையில் போடப்படவில்லை.)

உத்திரமேரூர்
22.07.2024

ஆல்வின்,

இரண்டு வாரமாக உன் பதில் இல்லை. நான்கு மணி இருமல் ஒரு நாளும் தவறவில்லை. எனவே இதை எழுதுகிறேன்.

உன் அண்ணன் மாரடைப்பில் இறந்தார் என்று கோயில் பங்கு மக்களுக்கும் உனக்கும் சொன்னேன். அது பொய். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். சென்னையில் மூன்று வாரம் வைத்திருந்தபோது யாரையும் பார்க்க விடவில்லை அல்லவா, அதற்காகத்தான். பீடியைக் கையால் தொடாத மனிதர். ஆனால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? “கான்வென்ட்டில் படித்தவள் புருஷன் ஒளிந்து ஒளிந்து பீடி குடித்திருக்கிறான்” என்றுதானே? அவர் வெறும் பெயிண்டர் என்று என் தங்கைகள் சிரித்தபோது, “இன்டீரியர் கான்ட்ராக்டர்” என்று திருத்தியவள் நான். சாவிலும் திருத்தினேன்.

அங்கே டாக்டர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். அதில் உன்னைப் பற்றியும் இருந்தது. தம்பியும் இதே வேலைதான் என்று உன் அண்ணன் சொல்லியிருந்தார். உன்னையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். உன்னிடம் கொடுத்தால் ஜெனிஃபருக்குத் தெரியும். ஜெனிஃபருக்குத் தெரிந்தால் ஞாயிறு பூசைக்குள் ஊருக்குத் தெரியும். அதனால் பாலிஷ் அறையில் அவர் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அதற்குப் பதிலாகத்தான் மாதாமாதம் வெல்லம்.

கடைசிப் பத்து நாள் அவருக்குக் குரல் போய்விட்டது. அந்தத் தாளை மூன்று முறை என் கையில் திணித்தார். மூன்று முறையும் “தெரியும், தெரியும்” என்றேன்.

நீ உடனே ஆஸ்பத்திரிக்குப்


உத்திரமேரூர்
23.07.2024

அன்புள்ள ஆல்வினுக்கு,

நலம், நலமறிய ஆவல். இருமலுக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார்ப்பது உத்தமம். மழைக்காலம். வெல்லம் இந்த முறை மூன்று கிலோ.

பிரிஸ்கில்லா


ஓசூர்
02.09.2024

அண்ணிக்கு ஆல்வின் வணக்கம்.

லேட்டா எழுதறதுக்கு மன்னிச்சிடுங்க. ஏற்றுமதி ஆர்டர், மூணு ஷிப்ட். பேஜாராப் போச்சு. மெடிக்கல்ல மருந்து வாங்கிக் குடிச்சேன். இருமல் பரவால்ல.

ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. வெல்லத்தை எங்க வச்சிருந்தீங்க? பார்சலைப் பிரிச்ச உடனே தின்னர் வாசனை. என் கையில இருந்துதான்னு நெனச்சேன். ஜெனிஃபரை வூட்ல பிரிக்கச் சொன்னேன். அவளும் மோந்துட்டு, “இன்னாது, உங்க அண்ணி வெல்லத்துக்கு வார்னிஷ் அடிச்சு அனுப்பிக்கீறாங்க?”ன்னு கேக்கறா. செக்‌ஷன் பசங்க சாப்பிட மாட்டேங்கிறாங்க. நான் மட்டும் சாப்பிடறேன்.

இன்னொண்ணு. கல்லறைத் திருநாளுக்கு இந்த வருஷம் என்னால வர முடியாது. அண்ணன் சிலுவைக்கு வருஷாவருஷம் நான்தான் பாலிஷ் போட்டேன். லீவு இல்லை. ஊரு வரைக்கும் பஸ்ல உட்காரவும் முடியாது போல. யாரையாவது விட்டுப் போட்டுடுங்க.

ஆல்வின்


உத்திரமேரூர்
14.09.2024

அன்புள்ள ஆல்வினுக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

வெல்லத்தை என் சமையலறையில், எவர்சில்வர் டப்பாவில், மூடி போட்டு வைத்திருந்தேன். பாலிஷ் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்கிறது. உன் மனைவியின் மூக்கு எப்போதும் கொஞ்சம் கூர்மை என்று வைத்துக்கொள்வோம்.

பஸ்ஸில் உட்கார முடியாது என்று எழுதியிருக்கிறாயே, முதுகு வலியா, மூச்சா?

எதிர்வீட்டு வரதன் உர மூட்டை வைக்கப் பாலிஷ் அறையை வாடகைக்குக் கேட்டான். முடியாது என்றேன். கேட்டுவிட்டுப் போகும்போது கதவைத் தள்ளிப் பார்த்தவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். போய்ப் பார்த்தேன். உன் அண்ணன் 2016இல் போட்ட வார்னிஷ், ஆல்வின். கல் மாதிரி காய்ந்தது. இப்போது புதிதாகப் போட்டதுபோலப் பிசுபிசுக்கிறது. வரதனின் உள்ளங்கைத் தடம் அதில் பதிந்திருந்தது. அதற்குச் சற்று மேலே இன்னொரு தடம். வரதன் குள்ளம். சிட்டம்மாள் அதைவிடக் குள்ளம். என் கையை வைத்துப் பார்த்தேன், அதற்குள் அடங்கிவிட்டது.

ஈரக் காற்றில் பழைய வார்னிஷ் இளகும் என்று உன் அண்ணனே சொல்லியிருக்கிறார். அதுதான் காரணம்.

இருமல் அப்படியே இருக்கிறது. அங்கேயும் அப்படியேயா?

பிரிஸ்கில்லா


ஓசூர்
11.10.2024

அண்ணி,

நல்லா கீறேன். எழுத நேரமில்லை. மாடிப்படி ஏறினா மேல்மூச்சு வாங்குது. வயசாச்சு இல்ல, நாற்பத்தொம்பது. மத்தபடி ஒண்ணுமில்லை. அண்ணன் சிலுவையை மறந்துடாதீங்க.

ஆல்வின்


உத்திரமேரூர்
03.11.2024

ஆல்வின்,

இந்தக் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே வரதன் போன் செய்து ஜெனிஃபரிடம் பேசியிருப்பான். வேலையை இன்றோடு நிறுத்து, நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போ, நெஞ்சு ஸ்கேன் எடு. இவ்வளவுதான் சொல்லச் சொன்னேன். ஏன் என்பதை நான்தான் எழுத வேண்டும்.

நேற்றுக் காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எல்லாக் கல்லறையும் சுண்ணாம்பும் பெயிண்டுமாகப் பளிச்சென்றிருந்தன. உன் அண்ணன் சிலுவை மட்டும் நரைத்து, வெடித்து, பிச்சைக்காரன் கைத்தடி மாதிரி நின்றது. பாலிஷ்காரனின் சிலுவை! ஏஞ்சல் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. மாலை நான்கு மணிக்குச் சாமியார் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிக்க வருவதற்குள் நானே பூசிவிடுவது என்று வீட்டுக்கு வந்து பாலிஷ் அறையைத் திறந்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு. என் வீம்புதான் அந்தக் கதவைத் திறந்தது, உன் மேலுள்ள அக்கறை அல்ல. அதையும் தெரிந்துகொள்.

உள்ளே யாரும் இல்லை, எலியும் இல்லை. அலமாரியில் ஒரு வார்னிஷ் டின் அடியில் துருப்பிடித்து ஓட்டையாகி, சொட்டுச் சொட்டாகக் கீழே மேஜைக்குள் இறங்கியிருந்தது. இழுப்பறை ஒட்டிக்கொண்டுவிட்டது. ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன். அதன் அடிப்பலகையில் ஒரு தாள், கண்ணாடிக்குக் கீழே வைத்ததுபோல வார்னிஷுக்குள் இருந்தது. ஓர் எழுத்துகூட அழியவில்லை. நகத்தால் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. எடுக்க முடியாததால் பார்த்து எழுதுகிறேன்:

“நோயாளி பெஞ்சமின், வயது 63. புகைப்பழக்கம் இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் பெயிண்ட், வார்னிஷ் தெளிக்கும் வேலை. இத்தகைய வேலையில் நீண்ட காலம் இருப்பவர்களுக்குப் புகைபிடிக்காவிட்டாலும் நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இவருடைய தம்பியும் இதே தொழிலில் இருப்பதாகத் தெரிகிறது. அவர் தகுந்த முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாமல் இவ்வேலையைத் தொடரக் கூடாது. அவருக்கு நெஞ்சுப் பரிசோதனை அவசியம். தாமதம் கூடாது. 28.08.2018.”

மெய் நகல். எழுதியதும் ஒப்பிட்டதும் பிரிஸ்கில்லா.

ஆமாம். உன் அண்ணனுக்கு மாரடைப்பு வரவில்லை. இந்தத் தாளை ஆறு வருடம் மறைத்துவிட்டு உனக்கு வெல்லம் அனுப்பினேன். உன் அண்ணனுக்கும் தினமும் அதைத்தான் கொடுத்தேன். அவரை அது காப்பாற்றவில்லை என்று தெரிந்துதான் உனக்கும் அனுப்பினேன்.

இன்னும் முடியவில்லை. வார்னிஷ் ஊறியதில் தாள் எண்ணெய்த்தாள் மாதிரி ஆகிவிட்டது. டாக்டரின் வரிகளுக்கு நடுவில் வேறு வரிகள் தெரிந்தன, இடவலம் மாறி. பின்பக்கத்தில் யாரோ எழுதியது. உன் அண்ணன் ஷேவ் செய்யும் கண்ணாடி அந்தச் சுவரிலேயே தொங்குகிறது. அதை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். போர்டு எழுதுகிறவர்களைப் போல ஒவ்வோர் எழுத்தையும் நிற்க வைக்கும் அந்தக் கையெழுத்தை நான் எங்கும் அடையாளம் காண்பேன்.

“பிரிஸ், தம்பிகிட்ட மறைக்காதே. என் கன்னை அவனுக்குக் கொடுக்காதே.”

கடைசி நாட்களில் குரல் போனபின் மூன்று முறை இந்தத் தாளை என் கையில் திணித்தார், டாக்டரின் பக்கத்தைக் காட்டுவதற்கல்ல. நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. இருபத்தொன்பது வருடம் ஒரு பத்திரத்தையும் பின்பக்கம் பார்க்காமல் நகல் எடுத்தவள் இல்லை நான்.

கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதே நான்கு மணி ஆகி, என் முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்டது. மூன்று சின்னது, ஒரு நீண்டது. கண்ணாடியில் என்னைத் தவிர யாரும் இல்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவர் இருமல் கரகரவென்று இருக்கும். இது இன்னும் இளையது. ஆறு வருடம் போனில் கத்திய தொண்டையிலிருந்து வருவது.

ஆல்வின், ஜூன் மாதம் நீ போனில் பேசுவதை நிறுத்தினாய். என் காதுக்காக என்று பெருமைப்பட்டேன். உன் குரல் எங்கே?

பிரிஸ்கில்லா


ஓசூர்
21.11.2024

பெரியவர்களுக்கு ஜெனிஃபர் எழுதுவது.

நாங்கள் சுகம் என்று எழுத முடியவில்லை. நீங்கள் சுகமா என்று கேட்கவும் இப்போது மனம் வரவில்லை. மன்னிக்கவும்.

வரதன் அண்ணன் போன் செய்த மறுநாளே இவரை பெங்களூரு அழைத்துப்போனேன். இடது நுரையீரலில் மேல் பக்கம் கட்டி. குரலுக்குப் போகும் நரம்பை அது பிடித்துவிட்டதாம். ஜூன் மாதத்திலிருந்தே இவருக்குக் குரல் இல்லை. வெறும் காற்றுதான் வரும். “அண்ணி கிட்ட சொல்லாத, அவங்களுக்கு அண்ணன் ஞாபகம் வந்துடும்” என்று என்னிடம் எழுதிக் காட்டினார். நீங்கள் அவரிடம் மறைத்தீர்கள், அவர் உங்களிடம் மறைத்தார். நடுவில் நான் உங்கள் இரண்டு பேருக்கும் தபால் பெட்டிக்கு நடந்தேன்.

ஆறு வருடம் முன்பே தெரிந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் ஸ்கேன் தாளை உறைக்குள் போட்டுவிட்டு மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். டிசம்பர் 9 முதல் மருந்து ஏற்றுகிறார்கள். முதல் தடவை எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்று பார்த்துத்தான் மற்றது என்றார்கள்.

உங்கள் நகலை இவர் செக்‌ஷனுக்குக் கொடுத்தனுப்பினார். மீதி ஆறு பேரும் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுக்கப் போனார்கள். தினேஷ்குமாருக்கு மட்டும் ஒரு சின்னப் பொட்டு தெரிந்தது. இருமல்கூட வராத நிலையில் கண்டுபிடித்ததால் வெட்டி எடுத்துவிடலாமாம். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த அண்ணிக்குக் கோடி புண்ணியம்” என்று அழுதாள்.

ஒன்றை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதங்களை எல்லாம் இப்போதுதான் படித்தேன். நீங்கள் எழுதியிருக்கும் இருமல் இவருடையதுதான். சரியாக நான்கு மணிக்கு வரும். மூன்று சின்னது, ஒரு நீண்டது. ஆனால் இங்கே அது கேட்காது. குரல் போனதிலிருந்து இவர் இருமினால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே கேட்பதில்லை. அந்தச் சத்தம் எங்கே போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

கன்னை இவர் பார்சல் கட்டி உங்களுக்கு அனுப்பச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. சுத்தியலால் உடைத்தேன். வெல்லம் நான்கு கட்டி மிச்சம் இருக்கிறது. எறும்புகூட அதை நெருங்கவில்லை.

ஜெனிஃபர்


உத்திரமேரூர்
09.12.2024

ஜெனிஃபர்,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை என்று நீ நினைப்பது சரி. அதை விட்டுவிட்டேன்.

நேற்று ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் அனுமதி கேட்டுக் கோயிலுக்குள் எல்லோர் முன்னாலும் நின்றேன். என் கணவர் பெயிண்டர், அந்த வேலையில் வந்த நுரையீரல் புற்றுநோயில் இறந்தார், நான் பொய் சொன்னேன் என்றேன். டாக்டர் எழுதியதை முழுக்கப் படித்தேன். யார் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் நம் ஊர்ப் பெயிண்டர்கள் நான்கு பேர் வந்து அந்தத் தாளைப் பார்க்கக் கேட்டார்கள். இழுப்பறையோடு தூக்கி வந்து காட்டினேன்.

இன்று மருந்து ஏற்றும் நாள். மூன்றரை மணியிலிருந்து பாலிஷ் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறந்திருக்கிறது. கதவின் வார்னிஷ் இன்று பிசுபிசுக்கவில்லை, காய்ந்து கல்லாகிவிட்டது. தடங்கள் இரண்டும் அப்படியே இறுகிவிட்டன.

நான்கு மணி ஆனது. நான்கு ஐந்து. நான்கு பத்து. ஐந்து மாதத்தில் முதல் முறையாக இருமல் கேட்கவில்லை.

சிட்டம்மாள் வாசலில் நின்றுகொண்டு, “நின்னு போச்சு இல்ல? அப்போ நல்லதுதாம்மா, ஏன் அழுவுற?” என்கிறாள். நல்லதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் அவனிடமே திரும்பிப் போய்விட்டதா, இல்லை

ஜெனிஃபர், இதற்குக் கடிதம் போடாதே. போன் செய். வரதனின் போனை வாங்கி மடியில் வைத்திருக்கிறேன். உன் எண்ணை அவன் சொல்லச் சொல்ல மூன்று தடவை அழுத்திவிட்டேன், யாரும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் போனை அணைத்து வைப்பார்கள் என்கிறான். இந்தக் கடிதம் வரும்வரை நீ போன் செய்யாவிட்டால், இதைப் படித்த அந்த நிமிடமே செய். காது மெஷினை மாட்டியிருக்கிறேன். கழற்ற மாட்டேன்.

அவன் பேச வேண்டாம். போனை அவன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு தடவை இருமச் சொல், போதும். சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லை. எனக்குக் கேட்கும்.

பிரிஸ்கில்லா